அரசு சொன்ன பொய்யை நம்பிச் செய்ததற்கு யார் பொறுப்பு?

கேட்டவர் நங்கநல்லூரில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி. அவருடைய தாத்தா 1976-இல் டெல்லியில் அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். நெருக்கடி நிலைக் காலம். குடும்பக் கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சைக்கு ஆள் சேர்த்துக் கொடுக்காவிட்டால் சம்பளத்தை நிறுத்துவோம் என்று மேலிடத்திலிருந்து நெருக்கினார்கள். நாட்டின் வறுமைக்கு மக்கள்தொகைதான் காரணம், இது தேசத்தொண்டு என்று ரேடியோவும் பத்திரிகைகளும் நாள் தவறாமல் சொல்லிக்கொண்டிருந்தன. தாத்தா நம்பினார். பள்ளிக்குப் பக்கத்தில் குடிசை போட்டிருந்த கூலித் தொழிலாளர்கள் சிலரை முகாமுக்கு அழைத்துப்போனார். ‘அரசாங்கமே அவரை ஏமாற்றியிருக்கும்போது தாத்தாவை எப்படிக் குறை சொல்வது? பொதுவாகவே, ஏமாற்றப்பட்ட ஒருவரைப் பொறுப்பாக்குவது நியாயமா?’ என்று கேட்டிருக்கிறார்.

நியாயம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் எல்லோரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயம் இல்லை. ஏமாற்றப்பட்டார் என்பதால் ஒருவருடைய பொறுப்பு முழுவதும் போய்விடாது. அது எவ்வளவு மிஞ்சுகிறது என்பது, அவர் நின்ற இடத்திலிருந்து எவ்வளவு பார்த்திருக்க முடியும், நம்பியதை வைத்து அடுத்தவருக்கு என்ன செய்தார், உண்மை தெரிந்த பிறகு என்ன செய்தார் என்பதையெல்லாம் பொறுத்தது. இதில் மூன்றாவதை நாம் கவனிப்பதே இல்லை. என் கணக்கில் அதுதான் பெரியது.

சென்னை உயர் நீதிமன்றத்தில் குற்றவியல் பக்கம் நெடுங்காலம் வழக்காடியவன் நான். ‘மேலே சொன்னார்கள், செய்தேன்’ என்ற வாக்கியத்தை எத்தனையோ பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். அதைச் சொன்னவர்களில் பலர் பொய் சொல்லவில்லை. மேலே அப்படித்தான் சொல்லியிருந்தார்கள், இவர்களும் நம்பித்தான் செய்திருந்தார்கள். அதனால் நம்பினாயா இல்லையா என்று கேட்டு ஒரு பயனும் கிடையாது.

நம் சட்டம் இதற்கு ஒரு நல்ல அளவுகோல் வைத்திருக்கிறது. 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 76-ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அதுவே 14-ஆவது பிரிவு. சட்டப்படி இதைச் செய்யக் கடமைப்பட்டிருக்கிறோம் என்று, ஒரு விவரத்தைத் தவறாகப் புரிந்துகொண்டு, நல்லெண்ணத்தோடு நம்பி ஒருவர் செய்த காரியம் குற்றமாகாது என்கிறது அந்தப் பிரிவு. ஏமாந்தவருக்குச் சட்டம் கதவைத் திறந்துதான் வைத்திருக்கிறது. ஆனால் அதே சட்டம் இன்னோர் இடத்தில், உரிய கவனமும் எச்சரிக்கையும் இல்லாமல் செய்த எதையும் நல்லெண்ணத்தில் செய்ததாகக் கொள்ள முடியாது என்றும் சொல்லிவிடுகிறது. மனதில் கெட்ட எண்ணம் இல்லாமல் இருந்தது மட்டும் போதாது. கண்ணைத் திறந்து பார்த்தாயா என்று கேட்கிறது. எவ்வளவு கவனம் ‘உரிய’ கவனம் என்பது ஆளைப் பொறுத்து மாறும். எழுதப் படிக்கத் தெரியாத காவலாளிக்கு ஓர் அளவு, மாவட்ட ஆட்சியருக்கு வேறு அளவு. அறத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இதைவிடச் சரியான கேள்வி எனக்குக் கிடைக்கவில்லை.

கோவலன் கொலையுண்ட கதை நமக்கெல்லாம் தெரியும். ஆனால் அதில் நாம் கவனிக்காமல் தாண்டிப்போகிற ஓர் இடம் இருக்கிறது. பொற்கொல்லன் பேச்சைக் கேட்டு அரசன் உத்தரவு போட்டுவிட்டான். காவலர்கள் கோவலனைப் பார்க்கிறார்கள். பார்த்ததும் அவர்களுக்கே மனசு ஒப்பவில்லை. இவன் முகத்தையும் தோற்றத்தையும் பார்த்தால் கள்வனாகத் தெரியவில்லையே, கொல்லத் தகுந்தவன் இல்லையே என்கிறார்கள். உடனே பொற்கொல்லன் என்ன செய்கிறான்? உத்தரவைக் காட்டி மிரட்டவில்லை. கள்வர்களின் திறமை பற்றி நீளமாகப் பேசுகிறான். மந்திரம், மருந்து, தந்திரம், காலம், இடம் என்று திருடர்கள் கையாளும் வழிகளை எல்லாம் அடுக்குகிறான். நல்லவன் மாதிரித் தெரிவதே திருடனின் தந்திரம் என்று ஆக்கிவிடுகிறான். அதைக் கேட்டு இன்னொருவன், தான் நள்ளிரவில் திருடன் ஒருவனிடம் மாட்டிய கதையைச் சொல்கிறான். பயம் பரவுகிறது. அதற்குள் குடித்திருந்த ஒருவன் வாளை ஓங்கிவிடுகிறான்.

இங்கே எத்தனை பேருடைய பொறுப்பு கலந்து கிடக்கிறது, பாருங்கள். பொய்யை உண்டாக்கியவன் ஒருவன். விசாரிக்காமல் உத்தரவு போட்ட அரசன் ஒருவன். வெட்டியவன் ஒருவன். இவர்களைத் தவிர, முதலில் சந்தேகப்பட்டு, அப்புறம் பேச்சில் மயங்கிச் சும்மா நின்றவர்கள் சிலர். கதை அவர்களைப் பற்றி மேற்கொண்டு எதுவும் சொல்வதில்லை. ஆனால் என்னை அதிகம் தொந்தரவு செய்வது அவர்கள்தான். உண்மை அவர்கள் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த உண்மையைத்தான் அடுத்தவன் பேச்சை நம்பி விட்டுக்கொடுத்தார்கள். அரசாங்கங்கள் மக்களை வசப்படுத்துவதும் பெரும்பாலும் இப்படித்தான். நம் கண்ணில் பட்டதை மறைப்பது கடினம். பட்டதற்கு வேறு அர்த்தம் சொல்லிவிடுவது சுலபம்.

இதே கதை நம் காலத்தில், சென்னையிலிருந்து ஒரு பகல் பயணத் தூரத்தில் நடந்தது. 1992 ஜூன் 20 அன்று தருமபுரி மாவட்டம் அரூர் பக்கம் வாச்சாத்தி என்ற மலைவாழ் மக்களின் கிராமத்துக்குள் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் கூட்டமாக நுழைந்தார்கள். சந்தனமரக் கடத்தலைப் பிடிக்கும் சோதனை என்று காரணம் சொல்லப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகளை நொறுக்கினார்கள், தானியத்தைப் பாழாக்கினார்கள், நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சிறைக்கு அனுப்பினார்கள். அன்றைய அரசு நடந்ததையே மறுத்தது. கடத்தல்காரர்கள் தப்பிப்பதற்காகக் கட்டிய கதை என்றது.

வழக்கில் 269 பேர் மேல் குற்றச்சாட்டு. அது முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். 2011 செப்டம்பரில் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பாதிக்கப்பட்ட 18 பெண்களுக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்தே வசூலிக்கவும் உத்தரவிட்டது. அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர் முதலானோர் மேலும் நடவடிக்கை எடுக்கச் சொன்னது.

அந்த 215 பேரில் உயர் அதிகாரிகளும் உண்டு, கடைநிலை ஊழியர்களும் உண்டு. எல்லோரும் ஒரே குற்றத்தைச் செய்யவில்லை, தண்டனையும் ஒரே மாதிரி இல்லை. ஆனால் ‘இந்த ஊரே கடத்தல் ஊர் என்று எங்களுக்குச் சொன்னார்கள்’ என்பது யாரையும் காப்பாற்றவில்லை, காப்பாற்றவும் கூடாது. வெளியிலிருந்து வந்த கும்பல்கள் அந்தப் பக்கத்து ஏழைகளைக் கூலிக்கு மரம் வெட்ட வைத்தது உண்மை. பொய்க்குள் கொஞ்சம் உண்மை இருந்தது, அதனால்தான் பொய் எடுபட்டது. ஆனால் ஊரில் யாரோ மரம் வெட்டினார்கள் என்பதை முழுசாக நம்பினாலும், பதின்மூன்று வயதுப் பெண்ணை இழுத்துப் போகலாம் என்று அந்த நம்பிக்கை சொல்லுமா? எந்தத் தவறான தகவலும் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்காது. இடையில் ஆள் தானாக எடுத்துவைத்த அடிகள் இருக்கின்றன. பொறுப்பு அந்த அடிகளில் இருக்கிறது.

சரி, நேரடியாக எதுவும் செய்யாத நம்மைப் போன்றவர்கள்? 1992-இல் சென்னையில் பேப்பர் படித்தவர்களில் பலர் அரசு சொன்னதைத்தான் நம்பினார்கள். மலைமேல் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்கு அன்று வழி குறைவு. அதற்காக அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் மலைவாழ் மக்கள் என்றால் திருட்டுக்கு அஞ்சாதவர்கள் என்ற எண்ணம் அவர்களுக்குள் ஏற்கெனவே இருந்தது. அது தானாக முளைத்ததா? 1871-இல் வெள்ளைக்கார அரசு குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் நீட்டினார்கள். பிறப்பாலேயே குற்றவாளிகள் என்று சில சாதிகளைப் பட்டியல் போட்டு, கைரேகை எடுத்து, இரவில் காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்னார்கள். எதிர்த்ததற்காக 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் 16 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். 1952-க்குள் நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிந்துவிட்டது. ஆனால் ஒரு தெருவில் திருட்டு நடந்தால் முதலில் யாரைச் சந்தேகப்படுகிறோம், காவல்துறை முதலில் யாரைத் தூக்கிக்கொண்டு போகிறது என்று பாருங்கள். அரசு செய்த பொய் அரசு போன பிறகும் நம் வாயில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஆங்கிலேயனைக் குறை சொல்லி முடித்துவிட முடியாது. அவன் போன பிறகு அதைச் சுமந்தது நாம்.

இனி தாத்தா விஷயம். அவர் காலத்து அழுத்தம் சாதாரணமானது அல்ல. 1976-77 ஓராண்டில் மட்டும் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. பல மாநிலங்களில் ஆசிரியர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. எதிர்த்துப் பேசினால் விசாரணையில்லாமல் சிறையில் அடைக்கும் மிசா சட்டத்தில் தூக்கிப்போடுவார்களோ என்ற பயம் வேறு. பின்னால் ஷா கமிஷன் விசாரித்து இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டிய ஒரு நடுத்தரக் குடும்பத்து ஆசிரியரிடம் போய், நீ ஏன் வீரனாக இல்லை என்று கேட்பதற்கு நமக்கு உரிமை இல்லை. ஆனால் அவரிடம் கேட்கக்கூடிய சின்னக் கேள்விகள் உண்டு. அழைத்துப்போனவர்களுக்கு அங்கே என்ன செய்யப்போகிறார்கள் என்று முழுசாகச் சொன்னாரா? ஒருவர் தயங்கியபோது விட்டுவிட்டாரா, இல்லை ரேஷன் அட்டை போய்விடும் என்று பயமுறுத்தினாரா? தன்னைப் போன்ற குடும்பங்களை விட்டுவிட்டு, எதிர்த்துப் பேச முடியாத கூலிக்காரர்களைத் தேடிப் போனது ஏன்? மக்கள்தொகை நாட்டுக்குக் கேடு என்று அவர் நம்பியது ஏமாற்றப்பட்டதால் இருக்கலாம். யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்பதை அரசாங்கம் மட்டும் முடிவு செய்யவில்லை. ஒரு பங்கு அவர் முடிவு. பொறுப்பும் அந்தப் பங்குக்குத்தான். அவர் கொடியவர் என்று சொல்ல வரவில்லை. அவர் செய்தது அவர் செய்ததுதான் என்கிறேன். அவரை ஒரு பொம்மை மாதிரி ஆக்கிவிட்டுத்தான் மன்னிக்க முடியும் என்று நினைக்காதீர்கள். முழு மனிதராக வைத்துக்கொண்டே மன்னிக்கலாம்.

அதே காலத்தில், அவரைவிட ஆயிரம் மடங்கு பாதுகாப்போடு உட்கார்ந்திருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நான்கு பேர், நெருக்கடி நிலையில் ஒருவரைச் சட்டவிரோதமாகச் சிறையில் அடைத்தாலும் அவர் நீதிமன்றத்துக்கு வர முடியாது என்று தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மறுத்தார். அடுத்த ஜனவரியில் தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது, அவர் ராஜினாமா செய்தார். அந்த நால்வருக்கும் சம்பளம் நின்றுபோயிருக்காது. யாரும் அவர்களை ஏமாற்றவும் இல்லை. எல்லாக் காகிதமும் முன்னால் இருந்தது. தாத்தாவின் பொறுப்பைப் பற்றி ஒரு பக்கம் எழுதினால் அவர்களைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுத வேண்டும். கீழே இருப்பவனின் பொறுப்பைப் பேசுவது மேலே இருப்பவனைத் தப்பவிடும் வேலையாக ஆகிவிடக் கூடாது.

தமிழ்நாட்டுக்காரர்களாகிய நாம் நெருக்கடி நிலையைப் பற்றிப் பேச வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு, சங்கடமான விஷயம். 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டது. கைதானவர்களைச் சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருந்த மத்தியச் சிறையில் வைத்து அடித்தார்கள். சென்னை மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்த சிட்டிபாபு அங்கே அடிபட்டு, 1977 ஜனவரியில் உயிரிழந்தார். அந்தச் சிறையில் நடந்ததை விசாரிக்கப் பின்னால் நீதிபதி இஸ்மாயில் கமிஷன் அமைக்கப்பட்டது. அந்தச் சுவரை ஒட்டித்தான் தினமும் ஆயிரக்கணக்கானவர்கள் ரயிலுக்கு ஓடினார்கள். பத்திரிகைத் தணிக்கை இருந்ததால் அவர்களுக்குத் தெரியாது. 1977 மார்ச் தேர்தலில் வட இந்தியா இந்திராவைத் தூக்கி எறிந்தது. தமிழ்நாட்டில் 39 இடங்களில் 34 இடங்களை அவர் கட்சி இருந்த கூட்டணிக்குக் கொடுத்தோம்.

அந்த வாக்காளர்கள் குற்றவாளிகளா? இல்லை. வடக்கே நடந்த கொடுமை இங்கே அதே அளவில் நடக்கவில்லை, செய்தி வரவில்லை, உள்ளூர் அரசியலுக்கு அதன் சொந்தக் காரணங்களும் இருந்தன. ஆனால் 1978 வாக்கில் கமிஷன் அறிக்கைகள் வெளியே வந்துவிட்டன. அதற்குப் பிறகும், இன்றைக்கும், மயிலாப்பூரிலும் அண்ணா நகரிலும் ‘எமர்ஜென்சியில் ரயில் நேரத்துக்கு வந்தது, ஆபீசில் வேலை நடந்தது’ என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். 1976-இல் அப்படிச் சொன்னவர் ஏமாற்றப்பட்டவர். இன்று சொல்கிறவரை அப்படிச் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள ஐம்பது வருஷ அவகாசம் கிடைத்திருக்கிறது. உண்மை வெளிவந்த நாளிலிருந்து ஏமாற்றியவனின் பங்கு குறைந்துகொண்டே வரும், ஏமாந்தவனின் பங்கு ஏறிக்கொண்டே போகும்.

கிட்டத்து உதாரணமும் இருக்கிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலையை எதிர்த்துப் போராடியவர்கள் மேல் காவல்துறை சுட்டதில் 13 பேர் உயிர் போனது. சமூக விரோதிகள் ஊடுருவிவிட்டார்கள், அதனால் சுட வேண்டியதாயிற்று என்று அன்று சொல்லப்பட்டது. சென்னையில் படித்த, நல்ல மனசுள்ள எத்தனையோ பேர் அதைத் திருப்பிச் சொன்னார்கள். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. சுடுவதற்கான சூழ்நிலையே இல்லை, ஓடுகிறவர்களைச் சுட்டிருக்கிறார்கள் என்றது, 17 காவல்துறையினர் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. 2018-இல் நம்பியவர்களிடம் எனக்குக் கோபம் இல்லை. 2022-இல் அவர்களில் எத்தனை பேர் அந்தப் பழைய பேச்சைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் என் கேள்வி. வாட்ஸ்அப் குழுவில் நாலு பேருக்கு அனுப்பியதை, தப்பு என்று தெரிந்த பிறகு அதே நாலு பேருக்கு ‘நான் அனுப்பியது பொய்’ என்று எழுதுவதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. அந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு.

வெளியே நடந்ததைக் கொண்டு நம்மை அளந்து பார்ப்பதும் உதவும். 1983 ஜூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தமிழர் வீடுகளைத் தேடிப் போய் எரித்தார்கள். அங்கிருந்து தப்பி வந்த குடும்பங்கள் சென்னையில் நிறைய. அவர்களோடு பேசியிருந்தால் ஒரு விஷயம் கேட்டிருப்பீர்கள்: எங்களை ஒரு சிங்களக் குடும்பம் ஒளித்துவைத்தது என்று பலர் சொல்வார்கள். கும்பலில் போனவனும், அறையைப் பூட்டித் தமிழ்க் குழந்தைகளை உள்ளே வைத்திருந்தவளும் ஒரே பத்திரிகையைப் படித்தவர்கள், ஒரே தலைவர்கள் பேச்சைக் கேட்டவர்கள். சிங்களப் பொதுமக்களுக்குப் பொறுப்பு உண்டு என்று நாம் தயங்காமல் சொல்கிறோம். 2009-இல் பொதுமக்கள் ஒருவர்கூடச் சாகவில்லை என்று அந்த அரசு சொன்னதை நம்பியவர்களைப் பற்றியும் அப்படியே சொல்கிறோம். சரியாகத்தான் சொல்கிறோம். அதே வார்த்தைகளை நம் அரசு, நம் காவல்துறை, நாம் வாக்களித்த கட்சி என்று வரும்போதும் சொல்ல வேண்டும். நமக்கு வலித்தபோது ஒரு நியாயம், அடுத்தவருக்கு வலிக்கும்போது வேறு நியாயம் என்றால் அதற்குப் பெயர் நியாயமே இல்லை.

சென்னைக்கு உள்ளேயே வருகிறேன். 2015 டிசம்பர் வெள்ளம். செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டு அடையாற்றில் பாய்ந்தது. இது மனிதர்களால் நேர்ந்த பேரிடர் என்று பின்னால் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கையே சொன்னது. ஆனால் வெள்ளம் வடிந்ததும் ஊரில் நிலைத்துவிட்ட கதை வேறு: கரையோரக் குடிசைகள்தான் காரணம். அந்தக் குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு மாற்றினார்கள். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வான இடம். சதுப்பு நிலத்துக்குள்ளே மாநகராட்சியின் குப்பைக் கிடங்கு இருக்கிறது, சுற்றிலும் பெரிய பெரிய கட்டடங்கள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிப் பேச்சு எழவில்லை. வீட்டுவேலை செய்கிற அம்மா விடிகாலையில் மூன்று பஸ் மாறி வருகிறார், பிள்ளைகள் பாதியில் படிப்பை விட்டன. நாம் அந்தக் கதையை ஏன் அவ்வளவு சீக்கிரம் ஏற்றுக்கொண்டோம்? நமக்கு வசதியாக இருந்தது. குடிசைக்காரர்தான் காரணம் என்றால், ஏரிமேல் மனை வாங்கிய நம்மை யாரும் கேட்க மாட்டார்கள். அரசின் பொய்களில் பெரும்பாலானவை இப்படி நம் விருப்பத்தோடு ஒத்துப் போவதால்தான் ஓடுகின்றன. எனக்குப் பிடித்தமான, எனக்கு லாபமான ஒன்றை நம்பும்போது நான் ஏமாற்றப்பட்டேன் என்று சொல்வதில் பாதிதான் உண்மை. அங்கே உரிய கவனம் இரண்டு மடங்கு வேண்டும்.

எதிர்ப்பக்கத்து வாதத்தையும் சொல்லிவிடுகிறேன், அது பலமானது. மனிதர்கள் இப்படித்தான், சூழ்நிலை வந்தால் யாரும் கீழ்ப்படிவார்கள், அதனால் பொறுப்பு என்று பேசுவதே வீண் என்பார்கள். 1961-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் நடத்திய சோதனையைக் காட்டுவார்கள். அடுத்த அறையில் இருப்பவருக்கு மின்சார அதிர்ச்சி கொடுக்கச் சொன்னபோது, நிஜமாகவே கொடுக்கிறோம் என்று நம்பிக்கொண்டு, 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். எல்லோரும் இதை மட்டும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். அதே சோதனையை அவர் வேறு மாதிரியும் செய்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் ‘நாங்கள் செய்ய மாட்டோம்’ என்று எழுந்துவிட்டபோது, 40 பேரில் 4 பேர்தான் கடைசிவரை போனார்கள். சோதனை ஒன்றுதான், உத்தரவு ஒன்றுதான். பக்கத்தில் ஒரு மறுப்பு இருந்ததே வித்தியாசம். சூழ்நிலை மனிதனை ஆட்டுவிக்கிறது என்பது நிஜம். அடுத்தவனுக்கு நான்தான் சூழ்நிலை என்பதும் நிஜம். கோவலன் முன்னால் நின்ற காவலர்களில் ஒருவன் கடைசிவரை ‘இவன் கள்வன் இல்லை, அரசனிடம் இன்னொரு முறை கேட்போம்’ என்று அடம்பிடித்திருந்தால் அந்த வாள் ஓங்கப்பட்டிருக்குமா என்பது தெரியாது. ஆனால் அது எளிதாக ஓங்கப்பட்டிருக்காது.

முழு இருட்டில் வைக்கப்பட்டவர்களும் உண்டு, அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பத்து வயதில் ஹிட்லரின் சிறுவர் படையில் சேர்க்கப்பட்ட பையன், வெளியுலகச் செய்தியே கேட்காமல் வளர்க்கப்பட்டவர்கள் எல்லாம் பாதிக்கப்பட்டவர்கள்தான். பொய்யைப் பரப்பியவர்களிலேயே வித்தியாசம் பார்க்க வேண்டியிருக்கிறது. போருக்குப் பின் நாஜித் தலைவர்களை விசாரித்த நியூரம்பர்க் நீதிமன்றத்தில், யூதர்களுக்கு எதிராகப் பத்திரிகை நடத்திய ஸ்ட்ரைஷருக்குத் தூக்கு, வானொலியில் பேசிய ஃப்ரிட்ஷேவுக்கு விடுதலை. அவர் பரப்பியது பொய் என்று அவருக்கே தெரிந்திருந்தது நிரூபணமாகவில்லை என்றது அந்தத் தீர்ப்பு. அதை ஏற்காதவர்களும் உண்டு, ஒரு ஜெர்மன் நீதிமன்றம் பின்னால் அவரைத் தண்டித்தது. நானும் முழுசாக ஏற்கவில்லை. ஒலிபெருக்கி கையில் இருப்பவர் சரிபார்க்கக் கடமைப்பட்டவர். பத்துப் பேரிடம் பேசுகிறவரைவிடப் பத்து லட்சம் பேரிடம் பேசுகிறவருக்கு அந்தக் கடமை பெரியது. இன்று யூடியூப் சேனல் நடத்துகிற எல்லோருக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பொறுப்பு என்றால் உடனே தண்டனையைத்தான் நினைக்கிறோம். ருவாண்டாவில் 1994-இல் வானொலி தூண்டிவிட்டதில் ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் அண்டை வீட்டாரையே கொன்றார்கள். நடத்தியவர்களை ஐ.நா. நீதிமன்றம் தண்டித்தது. சாதாரண மக்களை ஊர்ப் பொது இடத்தில் கூடிய ககாசா மன்றங்கள் விசாரித்தன. திட்டமிட்டவருக்கு ஒரு வகை, கொன்றவருக்கு ஒரு வகை, பொருளைத் திருடியவருக்கு வேறு வகை. திருடியவர் திருப்பிக் கொடுத்தால் போதும். உண்மையை ஒத்துக்கொண்டு, உடலை எங்கே புதைத்தோம் என்று காட்டியவருக்குத் தண்டனை குறைந்தது. அதில் குறைகள் நிறைய இருந்தன. ஆனாலும் ஏமாற்றப்பட்ட எளிய மனிதர்களிடம் ஒரு சமூகம் என்ன கேட்கலாம் என்பதற்கு அதில் ஒரு வழி இருக்கிறது: செய்ததைச் சொல், எடுத்ததைக் கொடு, பாதிக்கப்பட்டவர் முகத்தைப் பார். வாச்சாத்தித் தீர்ப்பில் இழப்பீட்டின் பாதியைக் குற்றவாளிகளிடம் வசூலிக்கச் சொன்னதும் இந்த வகைதான்.

இன்னொரு கேள்வியையும் இதோடு சேர்த்துப் பலர் கேட்கிறார்கள்: எல்லாவற்றையும் சரிபார்க்க எனக்கு நேரமும் வசதியும் ஏது? எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டியதில்லை. அரசு சொல்வதில் பெரும்பகுதி உண்மையும்கூட. ஒரு கூட்டத்தைச் சுட்டிக்காட்டி இவர்களால்தான் இது நடந்தது என்று சொல்லப்படும்போது, அதை நம்பினால் நீங்கள் அவர்களுக்கு எதிராக ஏதோ செய்ய வேண்டியிருக்கும்போது, அங்கே மட்டும் நின்றுவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் ஒருவரிடமாவது நேரில் பேசுங்கள். சென்னையில் அது கஷ்டமே இல்லை, உங்கள் வீட்டுக்கு வேலைக்கு வருகிறவரே அந்தக் கரையிலிருந்து வருகிறவராக இருப்பார். அடுத்தது எழுதிக் கேட்பது. தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு வெள்ளைத் தாளில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிக் கொடுத்தால் போதும், 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். கரையோரம் காலி செய்யப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் இதைக் கேளுங்கள்: எந்த அரசாணைப்படி, எந்தச் சர்வே எண்ணில், எத்தனை குடும்பம், அதே சர்வே எண்ணில் உள்ள கல் கட்டடங்கள் எத்தனை, அவற்றுக்கு நோட்டீஸ் கொடுக்கப்பட்டதா. பதில் வந்ததும் உங்கள் குடியிருப்போர் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் அதை வாய்விட்டுப் படியுங்கள்.